வரிசை மாறாமல் பார்ப்பது என்று ஒரு வீம்பு

ஆஸ்கரில் சிறந்த படம் விருது வாங்கியவற்றை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் தாவக்கூடாது, ஓட்டிவிடக்கூடாது; நானே போட்டுக்கொண்ட சட்டம்.

முதல் படம் ‘விங்ஸ்’, 1927, மௌனப்படம். தூங்கிவிடுவேன் என்றுதான் உட்கார்ந்தேன். நடிகர்களை நிஜ விமானத்தில் ஏற்றி வானத்திலேயே எடுத்திருக்கிறார்கள். பின்னால் ஓடுவது அசல் மேகம்! வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

அடுத்தது ‘தி பிராட்வே மெலடி’. இந்த விருதை வாங்கிய முதல் பேசும் படம். பேசாமலே இருந்திருக்கலாம். மூன்று தவணையில் முடித்தேன்.

அப்புறம் 1934இன் ‘இட் ஹேப்பண்ட் ஒன் நைட்’ வந்து காப்பாற்றியது. படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என ஐந்து பெரிய விருதும் அதற்கே. சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கும் அந்த ஜோடி இன்னும் பழசாகவில்லை.

இப்போது 1939க்கு வந்துவிட்டேன். ‘கான் வித் த விண்ட்’, ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை யாரும் போன் பண்ணாதீர்கள்.