வீட்டுக்கடன் நாட்குறிப்பு: செப்டம்பர் முதல்

செப்டம்பர் 3, 2025, புதன்

மத்தியானம் லோன் ஆபீஸிலிருந்து போன். "மேடம், ஃபைல்ல ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க, லீகலும் வந்துருச்சு, ஆனா சிபில் 664 காட்டுது. 700-க்குக் கீழ இருந்தா எங்க சிஸ்டமே எடுக்காது" என்றார். சிபில் என்றால் இதுவரை கடன்களை எப்படிக் கட்டினோம் என்பதை வைத்துப் போடுகிற மதிப்பெண். ஜனவரியில் நானே பார்த்தேன், 782 இருந்தது. நடுவில் புதுக் கடன் எதுவும் வாங்கவில்லை. வண்டிக் கடன் முடிந்து ஒன்றரை வருடம் ஆகிறது, அதிலும் ஒரு தவணைகூடத் தள்ளிப்போனதில்லை. வேறு யாருடைய ரிப்போர்ட்டையாவது பார்த்துவிட்டார்களா என்று கேட்டேன். பான் நம்பரின் கடைசி எழுத்து வரை படித்துக் காட்டினார். என்னுடையதுதான்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 4

அந்த மதிப்பெண்ணைப் போடும் சிபில் நிறுவனத்தில் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம், அதை ஜனவரியிலேயே எடுத்துவிட்டதால் இன்று பணம் கட்டித்தான் இறக்கினேன். ஆபீஸில் பிரிண்ட் போடப் பிடிக்கவில்லை, யார் கண்ணிலாவது பட்டால் கேள்வி வரும், அதனால் காந்திபுரத்தில் இறங்கி ஜெராக்ஸ் கடையில் எடுத்தேன்.

அந்தக் கார்டு! பழைய கம்பெனியின் சம்பளக் கணக்கோடு சேர்த்து, ஆயுசு முழுக்க இலவசம் என்று சொல்லிக் கொடுத்த கார்டு. வேலை மாறியபோது பைசா பாக்கி இல்லாமல் கட்டிவிட்டு, மூடிவிடுங்கள் என்று கையெழுத்துப் போட்டு, புது மொபைல் நம்பரையும் எழுதிக்கொடுத்துவிட்டு வந்த கார்டு. மூடவே இல்லை. சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்கு ஆகிவிட்டது என்று இந்த ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 500, அதற்கு ஜிஎஸ்டி 90 போட்டிருக்கிறார்கள். பில் எல்லாம் பழைய ஆபீஸ் மெயிலுக்கு, மெசேஜ் எல்லாம் கம்பெனியிடம் திருப்பிக் கொடுத்துவிட்ட நம்பருக்கு. அபராதமும் வட்டியும் சேர்ந்து இப்போது 1,874.

மாதத்துக்கு ஒரு கட்டம், 36 மாதம். எல்லாவற்றிலும் 000. கடைசி நாலு கட்டத்தில் மட்டும் மே 026, ஜூன் 056, ஜூலை 087, ஆகஸ்ட் 102. முதலில் ரூபாய் என்று நினைத்தேன். நாளாம். கெடு தேதி தாண்டி எத்தனை நாள் ஆச்சு என்ற கணக்கு. 590 ரூபாய்க்கும் அதே மூன்று இலக்கம்தான், 30 லட்சத்துக்கும் அதே மூன்று இலக்கம்தான். 90-ஐத் தாண்டிவிட்டால் வாராக்கடன். நான் ஒரு வங்கிக்கு வாராக்கடன் வைத்திருப்பவள்.

இரவு முழுக்க அந்த 102 கண்ணுக்குள் நிற்கிறது.

செப்டம்பர் 5

இரவு ஏழே முக்காலுக்கு ஒரு போன். வசூல் ஏஜென்சி. ஏழு மணிக்கு மேல் கூப்பிடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது, அது அவருக்குத் தெரியுமோ தெரியாதோ. இத்தனை மாதம் கிடைக்காத என் புது நம்பர் இன்றைக்கு எப்படிக் கிடைத்தது? "900 கட்டுங்க மேடம், மீதிய நாங்க தள்ளுபடி பண்ணி செட்டில் பண்ணிடறோம்" என்றார். ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது, முடிந்தது தொல்லை என்று. நல்லவேளை, லோன் ஆபீஸ்காரருக்கு ஒரு வார்த்தை மெசேஜ் போட்டேன். உடனே கூப்பிட்டார். "அது மட்டும் பண்ணிடாதீங்க. 'செட்டில்டு'ன்னு விழுந்துட்டா, முழுசாக் கட்ட முடியாம பாதியில பேசி முடிச்சவங்கன்னு அர்த்தம், எந்த பேங்க்கும் தொட யோசிக்கும். கட்டறதா இருந்தா முழுசாக் கட்டி 'க்ளோஸ்டு'ன்னு வாங்குங்க."

974 ரூபாய் மிச்சம் பிடித்து ஏழெட்டு வருடத்தைக் கெடுத்துக்கொள்ளும்படி எத்தனை பேரிடம் இப்படி இனிமையாகப் பேசியிருப்பார்கள்.

செப்டம்பர் 8, திங்கள்

பழைய வங்கிக் கிளை. டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். கவுன்டரில் இருந்த பெண் என் வயதுதான் இருக்கும், பொறுமையாகத்தான் கேட்டார், ஆனால் கார்டு விவகாரம் எல்லாம் கிளைக்கு வராதாம், கஸ்டமர் கேருக்குத்தான் பேச வேண்டுமாம். கஸ்டமர் கேரில் பேசினால் கிளைக்குப் போகச் சொல்கிறார்கள். மூடச் சொல்லி எழுதிக்கொடுத்தேன் என்றேன். "அக்னாலெட்ஜ்மென்ட் காப்பி இருக்குங்களா?" என்று கேட்டார்.

இருந்தது. சீல் குத்தித்தான் தந்தார்கள். எங்கே வைத்தேன்?

செப்டம்பர் 9

1,874-ஐக் கட்டிவிட்டேன். கட்டினால் தப்பு என் பேரில் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமோ என்று காலையிலிருந்து உழன்றேன். தம்பிதான் சொன்னான், கட்டாமல் விட்டால் 102 என்பது 130 ஆகும், 160 ஆகும், நீ நியாயம் பேசிக்கொண்டே இரு என்று. ஆட்சேபத்தோடு கட்டுகிறேன், கார்டை மூடச் சொன்ன பிறகு போட்ட கட்டணம் இது, திருப்பித் தர வேண்டும், ரிப்போர்ட்டையும் திருத்த வேண்டும் என்று மெயிலில் எழுதிவிட்டு, அப்புறம்தான் கட்டினேன். வரிசையாக இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 10

கட்டினாலும் அந்த நாலு கட்டமும் அழியாதாம்.

செப்டம்பர் 12

பீரோ முழுக்கக் கொட்டிப் பார்த்தாயிற்று. அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல்கள், தம்பியின் பிளஸ் டூ மார்க் ஷீட், 2016-ல் வாங்கின மிக்ஸியின் வாரன்டி கார்டு வரைக்கும் இருக்கிறது. அந்த ஒரு தாள் இல்லை. அம்மா என்ன தேடுகிறாய் என்று கேட்டாள். இன்கம் டாக்ஸுக்கு ஒரு பேப்பர் என்றேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 30 லட்சம், 20 வருடம். 8 சதவீதம் என்றால் மாதம் 25,093. ஸ்கோர் குறைவு என்று அரை சதவீதம் கூட்டி 8.5 ஆக்கினால் 26,035. மாதம் 942 ரூபாய் கூடுதல், 240 மாதத்துக்கு 2,26,080. இரண்டே கால் லட்சம். தம்பி விசாரித்த இன்னொரு இடத்தில் இந்த ஸ்கோருக்கும் தருகிறேன் என்கிறார்கள், வட்டி அதற்கும் மேலே. நான் கேட்காத, வேண்டாம் என்று எழுதிக்கொடுத்த ஒரு கார்டின் 590 ரூபாய்க்காக இருபது வருடம் நான் கூடுதல் வட்டி கட்ட வேண்டுமா? கட்ட மாட்டேன்.

தம்பி மேலும் நாலு இடத்தில் அப்ளை பண்ணிப் பார்க்கலாம் என்றான். வேண்டாம் என்று தடுத்தேன். கடன் கேட்டு ஒவ்வொருவரும் ரிப்போர்ட்டை எடுக்கும்போது அதுவும் பதிவாகும், அடுத்தடுத்து விழுந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும். நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்ப்பதற்கு மட்டும் அந்தக் கணக்கு கிடையாது.

அம்மா கோயிலுக்குப் போய்விட்டு மூன்று மாடி ஏறி வந்தாள். இரண்டாவது மாடியில் வழக்கம்போல நின்றுவிட்டுத்தான் ஏறினாள். அந்த நிற்கிற நேரம் போன வருடத்தைவிட நீண்டுவிட்டது.

செப்டம்பர் 17

எங்களுக்கு வீட்டை விற்கிற டீச்சர் போன் பண்ணினார். "லோன் என்னாச்சு கண்ணு?" நடந்துகொண்டிருக்கிறது என்றேன். துடியலூர் வீட்டுக்கு வேறு ஆள் வந்து கேட்டதாகவும், தான் வாக்கு மாற மாட்டேன் என்றும், ஆனால் பையன் அமெரிக்காவிலிருந்து அவசரப்படுத்துவதாகவும் சொன்னார். அக்ரிமென்ட் நவம்பர் 10 வரைக்கும்தான்.

தரைத்தளம். வாசலில் ஒரே ஒரு படி.

செப்டம்பர் 19

கிடைத்துவிட்டது! தாள் இல்லை, அதன் போட்டோ. வேலை மாறிய சமயத்தில் எல்லாவற்றையும் அண்ணாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தேன், அண்ணா அவர் போனில் தேடி எடுத்து அனுப்பினார். 2023 நவம்பர் 21. சீல் கொஞ்சம் சாய்ந்து விழுந்திருக்கிறது, ஆனால் தேதி தெளிவு. அதன்மேல் யாரோ பச்சை மையில் சுருக்கொப்பம் போட்டிருக்கிறார்கள். என் கையெழுத்தில் கார்டின் கடைசி நாலு எண், கீழே புது மொபைல் நம்பர். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சத்தமாக அழுதேன், அம்மா ஓடி வந்தாள், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"590 ரூபாயா? எங்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பனே" என்றாள்.

செப்டம்பர் 20

காலையிலிருந்து இதே வேலை. வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார், சிபில் தளத்தில் டிஸ்ப்யூட், இரண்டும் போட்டாயிற்று. புகாரில் எழுதியதை இங்கேயும் குறித்து வைக்கிறேன், யாருக்காவது உதவலாம். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், இல்லாவிட்டால் மூடுகிற நாள் வரை தினம் 500 ரூபாய் அவர்கள்தான் நமக்குத் தர வேண்டும். இது 2022-ல் ரிசர்வ் வங்கி போட்ட கார்டு விதி. ரிப்போர்ட்டில் தப்பு என்று புகார் கொடுத்தால் 30 நாளில் முடிக்க வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு. இது 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. சிபில்காரர்கள் தாங்களாக ஒரு கட்டத்தையும் மாற்ற முடியாது, வங்கி சரி என்று சொன்னால்தான் மாற்றுவார்கள். ஆகவே எங்கே எழுதினாலும் பந்து போய் விழுவது அந்த வங்கியிடம்தான்.

செப்டம்பர் 27

ஒன்றும் இல்லை.

அக்டோபர் 1

ஆயுத பூஜை. ஸ்கூட்டிக்குப் பொட்டு வைத்து மாலை போட்டேன். பொரி, கடலை, சுண்டல். ஊரிலிருந்து பெரியப்பா வந்திருந்தார். சிபில் என்ற பேச்சை எடுத்ததும் கொதித்துவிட்டார். சொசைட்டியில் பயிர்க்கடன் வாங்கப் போனால் அங்கேயும் சிபில் என்று பேச்சு கிளம்பி, விவசாயிகள் போராடியதை எல்லாம் சொன்னார். "மழை பெய்யாம விட்டதுக்கும் சிபில் பாப்பாங்களா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. என்னிடமாவது சீல் குத்திய தாளின் படம் இருக்கிறது.

அக்டோபர் 6

மற்ற மூன்று நிறுவனத்திலும் இலவச ரிப்போர்ட் எடுத்தேன். எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹைமார்க். இவையும் இருப்பது பாதிப்பேருக்குத் தெரியாது. நாலிலும் அதே கார்டு, அதே நாள் கணக்கு. ஸ்கோர் மட்டும் ஒன்றுக்கொன்று வேறு. ஆகவே மற்ற மூன்றிலும் தனித்தனியாகப் புகார். ஒவ்வொரு இடத்திலும் பிறந்த தேதி, பான், ஓடிபி. தலை வலிக்கிறது.

அக்டோபர் 10

"சிபில் கிளீன் பண்ணித் தரோம், 5,000 ஆகும்" என்று ஒருவர். நம்பர் எப்படிப் போனது என்று கேட்டதும் வைத்துவிட்டார். தயவுசெய்து யாரும் இவர்களிடம் பான் நம்பரும் ஓடிபியும் கொடுத்துவிடாதீர்கள். திருத்தச் சொல்லிக் கேட்பதற்கு எங்கேயும் ஒரு ரூபாய் கட்டணம் கிடையாது.

அக்டோபர் 13

அம்மா டீச்சர் வீட்டுத் திண்ணையில் எங்கே துளசி மாடம் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தாள். பேசாமல் எழுந்து போய்விட்டேன்.

அக்டோபர் 17

வங்கியிலிருந்து மெயில் வந்தது. "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்", கட்டணமும் வட்டியும் திருப்பிக் கணக்கில் வரவு வைக்கப்படும், கார்டு மூடப்பட்டது, கடன் தகவல் நிறுவனங்களுக்குத் திருத்தம் அனுப்பப்படும். தினம் 500 பற்றி மூச்சு இல்லை. அதை விடப் போவதில்லை, ஆனால் இப்போது இல்லை. முதலில் கட்டங்கள். வங்கிகள் மேலான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மன் 14448-க்கு கூப்பிட்டுக் கேட்டு வைத்துக்கொண்டேன், வங்கியின் பதில் திருப்தி இல்லை என்றால் இணையத்திலேயே போடலாம்.

பாக்கி எதுவும் இல்லை என்று எழுதித் தரும் நோ டியூ சர்டிபிகேட்டும் கேட்டு எழுதினேன்.

அக்டோபர் 20

தீபாவளி. தம்பி குழந்தைகளுக்காக மத்தாப்பு மட்டும். இன்றைக்கு அந்தத் தளத்தைத் திறக்கக்கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். மதியம் திறந்தேன். பழையபடியே இருக்கிறது.

அக்டோபர் 24

மே, ஜூன், ஜூலை 000 ஆகிவிட்டது. ஆகஸ்ட் மட்டும் அப்படியே 102. ஒன்றை மட்டும் எப்படி விட்டார்கள்? மூன்று மாதம் பாக்கியே இல்லாதவள் நாலாவது மாதம் திடீரென்று 102 நாள் பாக்கி வைக்க முடியுமா, யாராவது ஒரு மனிதர் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார், ஆனால் இதை மனிதர் பார்க்கவில்லை. ஸ்கோர் 703. லோன் ஆபீஸ்காரர் சொன்னார், 703 போதும், ஆனால் 90-க்கு மேல் ஒரு கட்டம் இருந்தால் கிரெடிட் டீம் நிச்சயம் கேட்பார்கள்.

மறுபடி மெயில், மறுபடி போன். இப்போதெல்லாம் 15 நாளுக்கு ஒருமுறை வங்கிகள் தகவல் அனுப்ப வேண்டும், இந்த ஜனவரியிலிருந்து. அப்படியென்றால் அடுத்தது 31-ம் தேதிக் கணக்கு. அது ஏறி வர இன்னும் சில நாள். நவம்பர் 10.

அக்டோபர் 29

டீச்சரிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார். ஆகஸ்ட் கட்டத்தில் விரலை வைத்து, "இது ஒண்ணுதானா?" என்றார். பையனிடம் பேசுவதாகச் சொன்னார். பேசுவார். பையன் ஒத்துக்கொள்வானா தெரியவில்லை.

அக்டோபர் 31

இன்றைக்கு மாதக் கடைசி.

நவம்பர் 4

இன்னும் 102.

நவம்பர் 6, வியாழன்

000. நாலிலும். சிபில் 771. நான் மூன்று தடவை ரிஃப்ரெஷ் பண்ணிவிட்டுத்தான் தம்பிக்கு அனுப்பினேன். லோன் ஆபீஸுக்குச் சொல்லியாயிற்று, நாளைக்குப் பதினொரு மணிக்குக் கிரெடிட் மேனேஜரைப் பார்க்க வேண்டும். பழைய ரிப்போர்ட், புது ரிப்போர்ட், வங்கி மெயில், நோ டியூ எல்லாம் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறேன். டீச்சரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. 10-ம் தேதிக்குள் கடன் தருகிறோம் என்று சொல்லும் சாங்ஷன் லெட்டராவது கையில் வந்துவிட்டால் அவர் பையனிடம் காட்டிப் பேசலாம். அம்மாவின் பான் நகலும் வேண்டும் என்று சொன்னார்களே, அதை எடுக்க வேண்டும்.