ஜப்பான்காரன் காலம்

ஜப்பான் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தைத்தான் ஜப்பான்காரன் காலம் என்போம். எங்கள் வீட்டில் அது என்றால் சயாம் மரண ரயில்தான்; சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பானியர் கட்டாய உழைப்பில் போட்ட ரயில் பாதை. தாத்தாவின் அண்ணனைப் பேராக் மாநிலத் தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) ஏற்றிக்கொண்டு போனார்கள்; அவர் திரும்பவே இல்லை. 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் மாண்ட தமிழர்களில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது. தாய்லாந்தின் காஞ்சனாபுரிக் கல்லறைத் தோட்டத்தில் நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு மட்டும் வரிசை வரிசையாகப் பெயர்கள். அங்கே நின்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அதே வீட்டில் பாட்டி, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துப் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்த தன் அக்காவைப் பற்றி நெஞ்சு நிமிர்த்திப் பேசுவார். அந்தப் படை ஜப்பானியர் பக்கம் நின்றது. இரண்டையும் சேர்த்து யாரும் பேசியதில்லை.

சீனத் தோழி வீட்டில் நினைவு ஜப்பானியர் சீனர்களைக் கொன்று குவித்த 1942 சூக் சிங் படுகொலையில் தொடங்குகிறது. ஜப்பானியரை எதிர்த்த, பெரும்பாலும் சீனர்களான கெரில்லாக்கள் அவர்களுக்கு வீரர்கள். ஜோகூரின் பத்து பகாட்டைச் சேர்ந்த மலாய் ஆசிரியருக்கோ, 1945இல் ஜப்பான் சரணடைந்ததும் ஊருக்குள் புகுந்து பழிவாங்கியவர்கள் அதே கெரில்லாக்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ரயில் சாவுகளைத்தான் மற்றவர்கள் அதிகம் கேட்டதில்லை. அப்புறம் எப்படிப் பொது வரலாறு என்பது?

இந்தப் பள்ளித் தவணையில், அவரவர் வீட்டில் கேட்டு எழுதி வகுப்பில் வாசிக்கும்படி மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.