ஜன்னல் ரப்பர் மாற்றப் போய் பலகையைப் பிரித்த வேலை

எங்கள் கேரவன் உண்மையில் ஒரு பழைய டிராவலர் வேன். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி வைத்துக் கட்டியது. கட்டி முடித்த நிலையில்தான் வாங்கினேன். கும்பகோணத்தில் வீட்டை ஒட்டி நிற்கும். பனிக்காலத்தில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போவதும், தரங்கம்பாடி பக்கம் ஒரு ராத்திரி தங்குவதும் இதில்தான். இந்த முறை செய்ய நினைத்தது சின்ன வேலை. வலது பக்கப் பின் ஜன்னலின் ரப்பர் வெயிலில் வெடித்திருந்தது, அதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ரப்பரை உருவி, கண்ணாடியை இறக்கி வைத்தேன். ஜன்னலுக்குக் கீழே, உள்பக்கப் பலகையில், திரைக்கம்பியைப் பிடித்திருந்த ஸ்க்ரூ விரலால் இழுத்ததுமே கையோடு வந்துவிட்டது. அதன் மரையில் ஈரமான பழுப்புத் தூள். மேலே ஒட்டியிருந்த மைக்கா புதிதுபோலப் பளபளத்தது. ஆனால் கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே வாங்கியது. தட்டினால் மற்ற இடங்களில் கணீரென்று வந்த சத்தம் இங்கே செத்துப்போயிருந்தது. அப்புறம் ரப்பர் வேலையை ஓரமாக வைத்துவிட்டுப் பலகையைப் பிரித்தேன்.

ப்ளைவுட் அடுக்கடுக்காக உரிந்து வந்தது. போட்டிருந்தது கடையில் ‘கமர்ஷியல்’ என்று விற்கும் எம்ஆர் (ஓரளவு ஈரம் தாங்கும்) ரகம், இந்தியத் தர எண் ஐஎஸ் 303. வீட்டுக்குள் அலமாரிக்கு அது போதும். அதன் பசை கொஞ்சம் ஈரக்காற்றைத் தாங்கும், ஆனால் தொடர்ந்து தண்ணீர் பட்டால் விட்டுவிடும். பலகைக்குப் பின்னால் வெயில் சூட்டைத் தடுக்க வைத்திருந்த கண்ணாடிப் பஞ்சு நனைந்து கனத்து, கீழே சரிந்து கிடந்தது. அதற்கும் கீழே, ஜன்னலைத் தாங்கும் சதுரக் குழாயில் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

வெடித்த ரப்பர் வழியாகத்தான் தண்ணீர் இறங்கியிருக்கும் என்று எல்லோருக்கும் தோன்றும். அதைச் சோதித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஜன்னல் துளையைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓரம் முழுக்க டேப் ஒட்டினேன். தம்பி உள்ளே டார்ச்சோடு உட்கார, நான் வெளியே ஹோஸைப் பிடித்தேன். இதைக் கீழிருந்து மேலே செய்ய வேண்டும். முதலில் அடிப்பக்கம், கொஞ்ச நேரம் விட்டு நடுப்பக்கம், கடைசியில் கூரை. மேலே முதலில் அடித்தால் எல்லா இடமும் நனைந்து, எங்கே நுழைகிறது என்றே தெரியாமல் போகும். ஜன்னல் உயரம் வரை உள்ளே ஒரு சொட்டு இல்லை. கூரை கேரியரின் கால் போல்ட்டில் தண்ணீர் பட்டதும், “அண்ணே, தூண் வழியா இறங்குது!” என்று உள்ளிருந்து சத்தம்.

போல்ட் துளையில் நுழைந்த நீர் கூரையின் குறுக்குச் சட்டம் வழியே ஓடி, பக்கத்துத் தூணில் இறங்கி, ஜன்னலுக்குக் கீழே உள்ள குழாயில் வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கிறது. போல்ட்டைச் சுற்றிப் பழைய சிலிக்கான் மேலேயே புது சிலிக்கான் பூசப்பட்டிருந்தது. காய்ந்த சிலிக்கானோடு புதியது சரியாக ஒட்டாது. டிங்கரிங் பட்டறை அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “மேல ஓட்டைன்னா கீழ ஓதம், தம்பி. தண்ணி நேரா எறங்காது,” என்றார்.

அன்றைக்கே கூரையை அடைத்துப் புதுப் பலகை போட்டுவிடலாம் என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. உள்ளே ஈரத்தை வைத்து மூடினால் பூஞ்சைக்கு நாமே வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நின்றால்தான் உளுக்க வைக்கும் பூஞ்சை வேலை செய்யும், அதற்குக் கீழே அடங்கிவிடும். நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிற நம் ஊர்க்காரர்களுக்கு 17 சதவீத ஈரம் என்கிற வரம்பும், அதற்காகக் களத்தில் படும் பாடும் தெரியும். மரத்துக்குத் தனி ஈரமானி உண்டு, இரண்டு ஊசி வைத்தது. முன்பக்கம் நல்ல பலகையில் 13 காட்டியது, ஜன்னலடியில் 30-ஐத் தாண்டியது.

டெல்டாவில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக நின்றால், எவ்வளவு நாள் வைத்தாலும் மரம் ஏறத்தாழ 16-க்குக் கீழே இறங்காது. 90 என்றால் 20-ஐ ஒட்டியே நிற்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நல்ல வேளையாக மாசிக் கடைசி. கதவுகளைத் திறந்துவைத்து, பகலெல்லாம் டேபிள் ஃபேனை ஓடவிட்டு, சாயங்காலம் பனி இறங்கும் முன் மூடினேன். மேலே தார்ப்பாய் போர்த்தவில்லை. வண்டியோடு ஒட்டிக்கிடக்கும் தார்ப்பாய் ஈரத்தை வெளியே விடாது. எல்லா இடத்திலும் 15-க்குக் கீழே வந்த பிறகுதான் அடுத்த வேலை.

கெட்ட பலகையைக் கண்ணுக்குத் தெரிந்த கறையோடு நிறுத்தாமல், அதைத் தாண்டி ஒரு சாண் சேர்த்தே வெட்டினேன். மிச்ச மரத்தில் போராக்ஸும் போரிக் ஆசிடும் வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் பூசினேன். பூஞ்சைக்கும் கரையானுக்கும் இது ஆகாது. மழை நேரடியாகப் பட்டால் கரைந்து போய்விடும் என்பதால் உள்பக்கத்துக்கு மட்டுமே சரி. துருப்பிடித்த குழாயைப் பட்டறையில் வெட்டிப் புதிதாக வெல்டிங் வைத்தார்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், பக்கத்தில் பஞ்சு, மரம் எதுவும் இல்லாமல் பார்ப்பதும் கட்டாயம். ரெட் ஆக்சைடு அடித்து, குழாயின் அடியில் ஒரு சின்ன வடிகால் துளையும் போடச் சொன்னேன். இனி எங்கே நுழைந்தாலும் தண்ணீர் தேங்காமல் வெளியே போய்விடும்.

புதுப் பலகை ஐஎஸ் 710, அதாவது ‘மரைன்’ ரக ப்ளைவுட். அதன் பசை 72 மணி நேரம் கொதிநீரில் வைத்துச் சோதிக்கப்படுவது. ஆனாலும் வெட்டிய ஓரம் தண்ணீரைக் குடிக்கும், அதனால் எல்லா ஓரத்துக்கும் எபாக்சி பிசின் பூசினேன். கண்ணாடிப் பஞ்சுக்குப் பதில், ஏசி குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட். அது தண்ணீரை உறிஞ்சாது. கடற்கரைப் பக்கம் போகிற வண்டி என்பதால் ஸ்க்ரூ எல்லாம் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கூரையில் பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி, தின்னரால் துடைத்து, கேரியர் காலுக்கு அடியில் பியூட்டைல் என்கிற ஒட்டும் ரப்பர் டேப், ஓரத்தில் பியு (பாலியூரித்தேன்) சீலண்ட். வினிகர் வாசனை வரும் சிலிக்கானை மட்டும் வெறும் இரும்பில் வைக்காதீர்கள், அது துருவை வரவழைக்கும். கடைசியில் ஜன்னல் ரப்பரும் மாறியது, அது அரை மணி நேர வேலை.

மறுபடி ஹோஸ் அடித்துப் பார்த்ததில் உள்ளே சொட்டு இல்லை. ஆனால் இடது பக்கப் பலகையின் பின்னால், போல்ட்டே இல்லாத இடத்தில், கறுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. அது மழை நீர் அல்ல. மார்கழி ராத்திரியில் தகரம் குளிர்ந்து, உள்ளே நம் மூச்சும் அடுப்பின் ஆவியும் போய் அதில் வியர்ப்பது. ஈரமானி அங்கே 18 காட்டுகிறது. பங்குனி வெயில் போவதற்குள் அந்தப் பக்கத்தையும் பிரித்துப் பஞ்சை எடுத்துவிட்டு, கூரையில் ஒரு வெளியேற்று ஃபேனும் வைக்கப் போகிறேன்.