பெரியப்பாவின் மலைக் குறிப்புகள்: முதல் கட்டு தைத்தாயிற்று

முதுகுக்கு எதிரே இருக்கும் முன் விளிம்பை ஒட்டியும் இங்க் ஓடவில்லை. தாள் அலையடிக்கவில்லை. புத்தகம் மேஜைமேல் மல்லாந்து திறந்து கிடக்கிறது, கையை எடுத்தாலும் மூடிக்கொள்ளவில்லை. ஒற்றைத் தாள்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். அதனால் இந்த முறை கொஞ்சம் பீற்றிக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா வக்கீல். வாரம் முழுக்கக் கோர்ட், சனி ஞாயிறு மலை, மலை இல்லாவிட்டால் ஆறு. கோர்ட் விடுமுறை விட்டால் மொத்தக் குடும்பமும் கூடாரத்தில்தான். போன இடம், பார்த்த பறவை, யார் எங்கே வழுக்கி விழுந்தார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அதற்கென்று டைரி வாங்கியதில்லை. திருத்தத்தில் கழித்துப் போட்ட டைப் தாள்களின் வெற்றுப் பக்கம்தான் அவருக்கு டைரி. எல்லாம் லீகல் அளவு, 216-க்கு 356 மில்லிமீட்டர். ஒரு பக்கம் பிரதிவாதியின் பதிலுரை, திருப்பினால் மீன்கொத்தி. அவர் போன பிறகு அலமாரியிலிருந்து இவை கற்றை கற்றையாக இறங்கின. ஒவ்வொரு கற்றையிலும் துருப்பிடித்த குண்டூசி. வக்கீல்களுக்கு யார்தான் குண்டூசியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்களோ!

ஸ்கேன் செய்து எல்லோருக்கும் அனுப்பியாயிற்று. பெரியம்மாவுக்கு அது போதவில்லை. “அவர் கை பட்ட தாளையே புஸ்தகமா கட்டிக் குடுப்பா” என்றார்.

கட்ட வேண்டிய தாள்தான் என்பது படித்தால் தெரியும். பிள்ளைகளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி எழுதுவது அவர் வழக்கம். ஒரு தாளில் இருப்பது இது:

“சா.1, சின்னவன், வயது 7. வானத்தில் கண்டது கழுகு என்கிறார். குறுக்கு விசாரணையில், வால் நடுவே பிளவுபட்டிருந்ததை ஒப்புக்கொள்கிறார். ஆகவே அது பருந்து. சாட்சி அழுதபடியால் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது.”

கீழே பால்பாயிண்டில் பெரியம்மா: “அழவில்லை. பசி.”

இந்தப் பால்பாயிண்ட் பின்னால் என் உயிரை வாங்கப் போகிறது. அதற்கு முன்பே அக்கா வாங்கிவிட்டாள். பெரியப்பாவின் மூத்த மகள், அவளும் வக்கீல். ஒரு கற்றையைத் திருப்பிப் பார்த்தவள், “இந்தப் பக்கம் ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது” என்று சொல்லிவிட்டாள். “அப்பா எழுதினது நம்மது. பின்னாடி இருக்கிறது கட்சிக்காரங்களோடது. வக்கீல் போனாலும் சரி, கட்சிக்காரரே போனாலும் சரி, அவங்க சொன்னதை நாம வெளியே விட முடியாதுடா.”

நான் பைண்டர், எனக்கெதற்குச் சட்டம் என்று நழுவப் பார்த்தேன். விடவில்லை. அமெரிக்காவில் வின்சென்ட் பாஸ்டர் என்ற வெள்ளை மாளிகை வழக்கறிஞர் 1993-ல் இறப்பதற்கு ஒன்பது நாள் முன்னால் தனக்கென்று ஒரு வக்கீலிடம் ஆலோசனை கேட்டிருக்கிறார். அந்த வக்கீல் கையால் எழுதிய மூன்று பக்கக் குறிப்பை அரசுத் தரப்பு கேட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1998-ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: கட்சிக்காரர் இறந்த பிறகும் ரகசியம் ரகசியம்தான். மூன்று பக்கத்துக்கே அந்தப் பாடு என்றால் இங்கே அலமாரி நிறைய இருக்கிறது. பெரியப்பா இருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார், இன்னும் நீளமாக.

பெயர்களை மட்டும் மார்க்கரால் அடித்துவிடலாம் என்று அண்ணன் யோசனை சொன்னான். மார்க்கர் ஊறி மறுபக்கத்து மீன்கொத்தி மேல் இறங்கும். வேண்டாம்.

சீன, ஜப்பானியப் பழைய புத்தகங்களின் வழியைப் பிடித்தேன். அவர்கள் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, வெற்றுப் பக்கம் உள்ளே போகும்படி தாளை மடித்து, மடிப்பை வெளி விளிம்பில் வைத்துத் தைப்பார்கள். ஒவ்வொரு இதழும் ஒரு பை. என்னிடம் மடிக்க முழுத் தாள் இல்லை. அதனால் இரண்டு ஒற்றைத் தாள்களை வழக்குப் பக்கம் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, முன் விளிம்பை ஜப்பானிய டிஷ்யூ என்ற சன்னமான நார்த் தாளால் இணைப்பதென்று முடிவு. மலையேற்றம் வெளியே, வழக்கு உள்ளே. அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்: “டைப் அடிச்சது தெரியுதே.” சரி என்று உள்ளே ஒரு சாம்பல் நிற அமிலமற்ற தாளையும் செருகினேன். அந்தக் காலத்து டைப் தாளின் அமிலத்துக்கும் அது நல்லதுதான்.

இனிமேல்தான் நிஜமான தலைவலி. பெரியப்பா எழுதியது பௌண்டன் பேனாவில், கழுவினால் போகும் நீல இங்க். ஒரு முற்றுப்புள்ளியில் ஈரப் பஞ்சை வைத்தேன், பஞ்சு நீலமாகிவிட்டது. மனிதர் தாளின் விளிம்பு வரை எழுதியிருக்கிறார், ஓரத்தில் இடம் விடும் பழக்கமே இல்லை. ஆகவே பசையின் ஈரம் இங்க்கைத் தொடாமல் இருக்க வழியில்லை. தண்ணீர் வேண்டாம், ஆல்கஹாலில் இளகும் செல்லுலோஸ் பசை போடலாம் என்றால், பால்பாயிண்ட் இங்க் ஆல்கஹாலில்தான் கரையும். ஒரே தாளில் கணவர் தண்ணீருக்குப் பயப்படுகிறார், மனைவி ஆல்கஹாலுக்கு. பெவிகாலும் கதைக்கு ஆகாது. காய்ந்துவிட்டால் பிறகு பிரிக்க வராது, என்றைக்காவது பிரிக்க வேண்டி வந்தால் தாள் கிழியும்.

கைகொடுத்தது முன்கூட்டியே பசை தடவிக் காயவைத்த டிஷ்யூ. பாலியஸ்டர் ஷீட்மேல் டிஷ்யூவை விரித்து, கோதுமை ஸ்டார்ச் பசையில் மெதில் செல்லுலோஸ் கலந்து மேலாகத் தடவி, நன்றாகக் காயவிட்டு உரித்தால் அடிப்பக்கம் பளபளவென்று இருக்கும். அதை எட்டு மில்லிமீட்டர் பட்டைகளாக வெட்டி வைத்துக்கொள்ளலாம். ஒட்டும்போது தட்டில் ஈர ஸ்பாஞ்ச், அதன்மேல் மை ஒற்றும் தாள், அதன்மேல் பட்டை, பளபளப்புப் பக்கம் கீழே பார்க்க. ஒற்றும் தாள் ஈரத்தை அளந்து கொடுக்கும்.

எவ்வளவு நேரம் வைப்பது என்பதில்தான் சூட்சுமம். நொடிக் கணக்கை நம்பாதீர்கள், அறையின் ஈரப்பதத்துக்கு ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும். பட்டையின் ஒரு முனையைச் சாமணத்தால் தூக்கி, சாய்த்துப் பாருங்கள். பளபளப்பு முழுசாக இருந்தால் ஒட்டாது. தண்ணீர்ப் பளபளப்பு தெரிந்தால் போச்சு, இங்க் எழுத்தைச் சுற்றி நீல வளையம் போடும். இரண்டுக்கும் நடுவில் பளபளப்பு மங்கி, விரலின் பின்பக்கத்தில் தொட்டால் லேசாகப் பிடிக்கும் நிலை ஒன்று வரும். அப்போது எடுத்து வைத்து, மேலே பசை ஒட்டாத சிலிக்கோன் பேப்பர் போட்டு, போன் போல்டரால், அதாவது பைண்டர்கள் தாளை அழுத்தித் தேய்க்கும் எலும்புப் பட்டையால், ஒரே ஒரு இழுப்பு. திரும்பத் தேய்க்கக் கூடாது. பிறகு ஒற்றும் தாளும் எடையும். சோதனைக்கு எடுத்துக்கொண்ட வெற்றுத் தாளில் பழைய பேனாவால் கோடு கிழித்துக் கிழித்துக் கை பழகிய பிறகுதான் பெரியப்பாவின் தாளைத் தொட்டேன்.

இன்னொரு விஷயம். தாள்கள் எல்லாம் லீகல் அளவு என்று பெயர்தானே தவிர, ஒன்றுக்கொன்று ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். எழுத்து விளிம்பு வரை இருப்பதால் ட்ரிம் செய்யும் பேச்சே இல்லை. மேல் விளிம்பையும் முன் விளிம்பையும் ஒன்றாக நிறுத்தி, மிச்ச வித்தியாசத்தை, தைப்பதற்காக முதுகுப் பக்கத்தில் ஒட்டிய பட்டையின் தலையில் கட்டினேன். அங்கே சற்றுத் தடித்த கோசோ, அதாவது காகித மல்பெரி நார்த் தாள். தையலும் பட்டையும் சேர்ந்து முதுகு உப்பிவிடும் என்று பயந்தேன். முன் விளிம்பிலும் டிஷ்யூ ஏறியதால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிட்டது. கேட்காமலே கிடைத்த லாபம்.

டிஷ்யூ விற்பவர்களைப் பற்றி ஒரு புலம்பல். ‘ரைஸ் பேப்பர்’ என்று எழுதியிருந்தால் உஷாராக இருங்கள். நமக்கு வேண்டியது காகித மல்பெரியின் நார், கோசோ. அதற்கும் அரிசிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்தப் பெயரில் எனக்கு வந்து சேர்ந்தது மரக்கூழ்த் தாள், ஈரம் பட்டதும் பிய்ந்தது. நார் எது, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள். இப்போது வாங்கும் இடத்தில் மாதிரித் துண்டு அனுப்புகிறார்கள், தாமதமாகத்தான் வருகிறது, ஆனால் சொன்னது வருகிறது.

அட்டை இன்னும் போடவில்லை. அதற்குள் வீட்டில் இரண்டு கட்சி. மேலுறைக்குப் பெரியப்பாவின் கறுப்புக் கவுனை எடு என்கிறாள் அக்கா. அவர் தோளில் தொங்கிய மலைப்பையின் கேன்வாஸ்தான் சரி என்கிறான் அண்ணன், அதாவது அன்றைய சா.1. என் கவலை வேறு. கவுன் துணி சன்னம், பின்னால் டிஷ்யூ ஒட்டாமல் விட்டால் பசை ஊறி வெளியே தெரியும். கேன்வாஸ் மூலைகளில் மடிய மறுக்கும், முதுகுக்கு மட்டும் என்றால் ஏற்கலாம். முதுகு கேன்வாஸ், இரண்டு பக்கமும் கவுன் என்று ஒரு மாதிரி அட்டை செய்யப்போகிறேன். பெரியம்மா எதைக் காட்டுகிறாரோ அதுதான் இறுதி, அப்பீல் கிடையாது.

இரண்டாம் கட்டைப் பிரித்தும் பார்த்துவிட்டேன். அதில் ஆற்றங்கரை வரைபடங்கள், பெரும்பாலும் பென்சில். பென்சிலுக்குத் தண்ணீரும் பயமில்லை, ஆல்கஹாலும் பயமில்லை. ஆனால் தாளைக் குறுக்கே வைத்து வரைந்திருக்கிறார். முதுகை நீளப் பக்கம் வைத்தால் ஒவ்வொரு படத்துக்கும் புத்தகத்தைத் திருப்ப வேண்டும், குட்டைப் பக்கம் வைத்தால் தாளின் நார் முதுகுக்குக் குறுக்கே ஓடும், தாள் விறைத்துக்கொண்டு மடங்காது. நீளப் பக்கம்தான் என்று இப்போதைக்கு முடிவு. படம் பார்க்கிறவர்கள் திருப்பிக்கொள்ளட்டும். குறுக்கு நாரில் மடங்காத தாளோடு போராடியவர்கள் யாராவது வேறு வழி கண்டிருந்தால் எழுதுங்கள், குண்டூசிகளை எடுத்து முடிக்கும் வரை எனக்கு அவகாசம் இருக்கிறது.