உதிராத கதிர்

காட்டு நெல் முற்றினதும் உதிர்ந்துவிடும். பொறுக்கித் தின்றவர்களுக்கு அது பிரச்சினையில்லை, கூடையை ஏந்திக் கதிரைத் தட்டினால் போதும். அரிவாள் வைத்ததும் கதை மாறியது. உதிர்வது மண்ணோடு போக, காம்பை விடாத மணி வீடு வந்து மறுபோகத்துக்கு விதையானது. பச்சையாகவே அறுத்தால் இந்தத் தேர்வு நடக்காது. இரண்டு வகையும் சேர்ந்தே வந்துவிடும். மேற்காசியாவில் கோதுமை, பார்லி முழுசாக உதிராத வகையாக மாற ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிடித்ததில் ஆச்சரியமில்லை.

நம்ம பக்கத்துக்கு வருவோம். பழனி மலையடிவாரத்துப் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழு தோண்டிய ஈமச்சின்னத்தில் நாலு கால் ஜாடி கிடைத்தது. உள்ளே சுமார் 2 கிலோ நெல், காலம் ஏறக்குறைய கி.மு. 490. ஆனால் அதே மலையில் பளியர் பழங்குடியினர் போன நூற்றாண்டிலும் காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டினார்கள். வேட்டை முடிந்தது, விவசாயம் தொடங்கியது என்று பாடப்புத்தகம் போடும் கோடெல்லாம் சும்மா!