பிளேடால வெட்டி ஒட்டின மியூசிக்

நேத்து ராத்திரி ஹெட்போன் போட்டுக்கிட்டு டாக்டர் ஹூன்னு பிபிசில வந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் டிவி சீரியலோட பழைய தீம் மியூசிக்கை, அதான் 1963ல வந்த ஒரிஜினலை, திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருந்தேன். இதை முதல் தடவை கேட்டப்போ ஏதோ பெரிய சிந்தசைசர்ல, அதான் எலக்ட்ரானிக்கா சத்தம் உண்டாக்குற வாத்தியத்துல, வாசிச்சிருக்காங்கன்னுதான் நினைச்சேன். ஆனா இதைச் செஞ்ச ரூம்ல சிந்தசைசரே கிடையாது. மூக் சிந்தசைசர் வெளிய வந்ததே அடுத்த வருஷம்தான்.

இதைச் செஞ்சவங்க டெலியா டெர்பிஷர். லண்டன் மைடா வேல்ல பிபிசியோட ரேடியோபோனிக் வொர்க்‌ஷாப்னு ஒண்ணு இருந்துச்சு, 1958ல டாஃப்னி ஓரமும் டெஸ்மண்ட் பிரிஸ்கோவும் சேர்ந்து ஆரம்பிச்சது, ரேடியோ நாடகத்துக்கும் டிவிக்கும் விசித்திரமான சவுண்ட் வேணும்னா அங்கதான் போவாங்க. டெலியா கேம்பிரிட்ஜ்ல கணக்கும் இசையும் படிச்சவங்க. படிச்சு முடிச்சு டெக்காங்கிற இசைத்தட்டுக் கம்பெனில வேலை கேட்டப்போ எங்க ரெக்கார்டிங் ஸ்டுடியோல பொம்பளைங்களை எடுக்கிறதில்லன்னு அனுப்பிட்டாங்க. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

சரி, தீம் மியூசிக்குக்கு வரேன். ரான் கிரெய்னர்னு ஒரு கம்போசர் டியூனை எழுதிக் குடுத்தார். ஒரே ஒரு பேப்பர், அதுல மெலடியும் பேஸ் லைனும் (அடில கனமா ஓடுற கீழ்ஸ்தாயி ஸ்வர வரிசை), கூடவே இந்த இடத்துல காத்து மாதிரி, இந்த இடத்துல மேகம் மாதிரின்னு குறிப்பு. அவ்வளவுதான். மேகம் எப்படி சத்தம் போடும்னு டெலியாதான் கண்டுபிடிக்கணும்.

பேஸ் லைனுக்கு அவங்க எடுத்தது ஒரே ஒரு கம்பி. அதை ஒரு தடவை மீட்டி டேப்ல பதிஞ்சாங்க. அந்த டேப்பை ரெண்டு மடங்கு ஸ்பீடுல ஓட்டுனா சுருதி ஒரு ஸ்தாயி மேல போகும், பாதி ஸ்பீடுல ஓட்டுனா ஒரு ஸ்தாயி கீழ இறங்கும், இப்படியே ஸ்பீடை மாத்தி மாத்தி தேவையான ஒவ்வொரு ஸ்வரத்தையும் எடுத்து வேற டேப்ல பதிஞ்சு, அப்புறம் ரேசர் பிளேடால வெட்டி, வரிசையா ஒட்டி, அந்த பேஸ் லைன் மொத்தத்தையும் உண்டாக்கினாங்க. தாளம்ங்கிறதே இங்க டேப்போட நீளம்தான்! ஸ்டுடியோ டேப் செகண்டுக்கு 15 இன்ச் ஓடுச்சுன்னா கால் செகண்ட் ஸ்வரத்துக்கு கிட்டத்தட்ட நாலு இன்ச் டேப், அதுல கொஞ்சம் கூடக்குறைய வெட்டிட்டா தாளம் தட்டிரும்.

மேல ஊளையிடுற மாதிரி வழுக்கிக்கிட்டே போற அந்த மெலடி இருக்கே, அது ஆசிலேட்டர், ஒரே சீரா சத்தம் குடுக்கிற எலக்ட்ரானிக் கருவி. இசைக்காகச் செஞ்ச கருவி இல்ல, மெஷினெல்லாம் சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ண இன்ஜினியர்கள் வச்சிருந்தது. அதோட குமிழைக் கையால திருப்பித்தான் அந்த வழுக்கல். உஸ்ஸுன்னு வர்ற காத்து, மேகமெல்லாம் வெறும் இரைச்சலை வடிகட்டி எடுத்தது. பல சத்தத்தை ஒரே டேப்ல தனித்தனியா பதியுற மல்டிடிராக் மெஷினும் கிடையாது, அதனால பேஸ் ஒரு டேப், மெலடி ஒரு டேப்னு தனித்தனியா வச்சுக்கிட்டு எல்லா மெஷினையும் ஒரே நேரத்துல ஸ்டார்ட் பண்ணி கலக்கணும். கூட உதவிக்கு இருந்தவர் டிக் மில்ஸ். ஒரு தடவை எங்கயோ ஒரு இடத்துல தப்பு விழுந்து டேப்பெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேரவே இல்லையாம், உடனே டேப்பையெல்லாம் நீளமான வராண்டால பக்கத்துல பக்கத்துல விரிச்சுப் போட்டு, ஒட்டு எங்க தள்ளிப் போயிருக்குன்னு கண்ணால பாத்துக் கண்டுபிடிச்சிருக்காங்க. இசைல தப்பைக் கண்ணால தேடுறது! நான் இப்ப லேப்டாப்ல ஆடியோ எடிட் பண்றப்போ ஒரு தப்புன்னா ஒரு பட்டனைத் தட்டுனா பழையபடி வந்துரும், அவங்களுக்கு ஒவ்வொரு வெட்டும் நெஜமான வெட்டு.

சீரியல்ல டாக்டர் காலப்பயணம் போற நீலப்பெட்டி மறையுற அந்தக் கரகர சத்தம் பிரையன் ஹாட்ஜ்சன் வேலை, ஒரு பழைய பியானோவோட பேஸ் கம்பிமேல வீட்டுச் சாவியால இழுத்து எடுத்தது. அதுவும் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதைப் பத்தி தனியா எழுதணும்.

முடிஞ்ச டேப்பைக் கேட்ட கிரெய்னர், இதை நானா எழுதினேன்னு கேட்டாராம். இதுல பெரும்பகுதி நீங்க எழுதினதுதான்னு டெலியா சொல்லியிருக்காங்க. இதுல அவங்களுக்கும் கம்போசர்னு பேர் குடுங்கன்னு அவர் கேட்டும் பிபிசி ஒத்துக்கல, வொர்க்‌ஷாப் ஆளுங்க பேரைப் போடற வழக்கம் இல்லன்னுட்டாங்க. 1963 நவம்பர் 23ல சீரியல் ஆரம்பிச்சுது, ஸ்கிரீன்ல கிரெய்னர் பேரும் வொர்க்‌ஷாப் பேரும் மட்டும்தான். டெலியா 1973ல பிபிசிய விட்டே போயிட்டாங்க, 2001ல இறந்தும் போயிட்டாங்க. அவங்க பேர் சீரியல்ல வந்தது 2013ல, ஐம்பதாம் வருஷ ஸ்பெஷல் எபிசோட்ல. அவங்க போய் பன்னண்டு வருஷம் கழிச்சு.

இன்னொண்ணு. டெலியா பிறந்த ஊர் இங்கிலாந்துல கவன்ட்ரி. ரெண்டாம் உலகப்போர்ல, 1940ல அந்த ஊர்மேல குண்டு மழை பெஞ்சப்போ அவங்க மூணு வயசுக் குழந்தை. இந்த மாதிரி சத்தங்கள்மேல ஆசை வந்தது குண்டு போட விமானம் வருதுன்னு எச்சரிக்கிற அந்த சைரன் சத்தத்துலதான்னு பின்னாடி அவங்களே சொல்லியிருக்காங்க. அது தெரிஞ்சப்புறம் அந்த மெலடி மேல ஏறி இறங்கும்போதெல்லாம் எனக்கு சைரன்தான் கேக்குது.

நல்ல ஹெட்போன்ல கேளுங்க, பேஸ் லைன்ல பெரிய ஸ்வரத்துக்கு முன்னாடி டுக்குனு குட்டியா ஒண்ணு ஒட்டிக்கிட்டு வரும். அதுவும் தனியா வெட்டி ஒட்டின ஒரு துண்டு டேப்தான்.