மாஸ்கோ தேயிலைக் கடை, அட்டையில்: நான்காவது வாரம்

சென்ற வாரம் கோபுரம் சரிந்துவிட்டது. தவறு என்னுடையதுதான். மாஸ்கோவின் மியாஸ்னிட்ஸ்கயா தெருவில் நிற்கும் பெர்லோவ் தேயிலைக் கடையை, டிராகனும் சீனக் கூரையுமாக ஒரே மூச்சில் அட்டை மாதிரியாகச் செய்யப் பார்த்தேன். முகப்பைத் தாங்கப் பின்னால் சுவரே இல்லை.

அசல் கட்டடம் அப்படி எழவில்லை. 1787 முதல் தேயிலை விற்ற குடும்பம் அது. செர்கெய் பெர்லோவ் 1890களின் தொடக்கத்தில் ரோமன் கிளைன் என்ற கட்டடக் கலைஞரை வைத்து எழுப்பியது ஐரோப்பிய பாணி மாளிகை. சீன வேடம் பிறகுதான் வந்தது. 1896இல் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் முடிசூட்டு விழாவுக்குச் சீனத்தின் பெரும் அமைச்சர் லி ஹோங்சாங் வருகிறார் என்றதும், செர்கெய், கார்ல் கிப்பியுஸ் என்ற இன்னொரு கட்டடக் கலைஞரைக் கொண்டு முகப்பையே மாற்றினார். சீனச் சரக்கில் செழித்த வீடு. விருந்தாளி தம் வாசலில் வந்து இறங்கவேண்டும் என்ற ஆசை. அவரோ செர்கெயின் அண்ணன் மகன் வீட்டில் போய் இறங்கினார். பங்காளிப் போட்டிக்கு ஊர் ஏது, நாடு ஏது!

ஆகவே நானும் கிளைனிலிருந்தே தொடங்கினேன். தடித்த அட்டையில் வெறும் பெட்டி. ஜன்னல்களை வெட்டி, உள்ளே குறுக்குச் சுவர் இரண்டு வைத்து ஒட்டி, ஓர் இரவு காயவிட்டேன். மறுநாள் அதன்மேல் கிப்பியுஸ்.

கூரை ஓட்டுக்குப் பார்சல் பெட்டியின் நெளி அட்டை. மேல்தாளை ஈரத்துணியால் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து உரித்தால் உள்ளே வரிவரியாக ஓடு தயார். ஈரம் கூடினால் வரியும் சேர்ந்து நைந்துவிடுகிறது. மூன்று துண்டுகள் குப்பைக்குப் போயின. அரை ஈரமாக இருக்கும்போதே கரண்டியின் பின்புறத்தில் வைத்து அழுத்தினால் கூரை விளிம்பு அழகாக மேலே வளைகிறது. டிராகனுக்குப் பருத்தி நூலைப் பசையில் முக்கி முறுக்கினேன். புழு மாதிரிதான் இருக்கிறது. தங்க வர்ணம் பூசியதும் கொஞ்சம் மதிப்பு வந்தது.

கோபுரம் இப்போது நிற்கிறது. கீழ்த்தளத்தில் இன்றும் தேயிலை விற்கிறார்கள் என்பதால் அங்கே தீக்குச்சியில் அலமாரிகள் செய்யவேண்டும். அந்த அண்ணன் மகன் வீட்டையும் செய்தால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள். மேஜையில் இடமில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன்.